‘டிசோரியென்டல்’ நாவல்: புரட்சி துரத்திய குடும்பமா, புரட்சியை அழைத்து வந்த குடும்பமா?

தாமிரபரணிக்கரை:

வணக்கம். எங்கள் ஊரில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், அடுத்த முறை நெகார் ஜவாதியின் நாவலைப் பற்றிப் பேசும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறேன். 2016-இல் பிரெஞ்சில் வெளியான இந்நாவல், டீனா கோவரின் மொழிபெயர்ப்பில் 2018-இல் ‘டிசோரியென்டல்’ என்ற பெயருடன் ஆங்கிலத்தில் வந்தது. நான் படித்தது அந்த ஆங்கில வடிவத்தைத்தான்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சிறிது சொல்லிவிடுகிறேன். கிமியா சத்ர் என்ற ஈரானியப் பெண், பாரிசின் கொஷேன் மருத்துவமனையில், செயற்கைக் கருத்தரிப்புப் பிரிவின் காத்திருப்பு அறையில் அமர்ந்திருக்கிறாள். உள்ளே அழைக்கப்படும் வரை அவள் நினைவில் ஓடுவதுதான் பெரும்பாலும் நாவல். காஸ்பியன் கடலோரத்து மாசந்தரானில் 52 மனைவியரோடு வாழ்ந்த ஒரு நிலப்பிரபு அவளுடைய கொள்ளுத்தாத்தா. தந்தை தாரியுஸ், ஈரான் மன்னர் ஷாவின் ஆட்சியை எதிர்த்து எழுதியவர். ஷாவை வீழ்த்திய 1979 புரட்சிக்குப் பின் மதத்தலைவர் கோமெய்னியின் ஆட்சியையும் அதே பேனாவால் எதிர்த்தவர். அவர் முதலில் பிரான்சுக்குத் தப்பிச் செல்ல, தாய் சாராவும் மூன்று பெண்களும் குர்திஸ்தான் மலைகளைக் குதிரையில் கடந்து, துருக்கி வழியாக அவரிடம் போய்ச் சேருகிறார்கள்.

எனக்கு இரண்டு இடங்களில் இடறுகிறது. முதலாவது, சொல்முறை. ஒரு பக்கத்தில் 1979, அடுத்த பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு, அதற்கடுத்து மறுபடியும் மருத்துவமனை நாற்காலி என்று கதை எங்கும் நிலைகொள்ளாமல் அலைகிறது. ‘நிகழ்வு’ என்று ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே குறிப்பிட்டுவிட்டு, அதைச் சொல்ல வரும்போதெல்லாம் கிமியா வேறு கதைக்கு நழுவிவிடுகிறாள். இது உத்தி என்பது புரிகிறது, ஆனால் இது தேவையான உத்திதானா என்பது புரியவில்லை.

இரண்டாவதுதான் என்னை உண்மையில் தொந்தரவு செய்கிறது. இந்தக் குடும்பத்தை நான் எப்படி அறிமுகப்படுத்துவது? புரட்சியால் நாடிழந்தவர்கள் என்று சொன்னால், ஷா வீழ வேண்டும் என்று எழுதியும் கூடியும் உழைத்தவர்கள் இவர்கள்தாமே என்று யாராவது கேட்பார்கள். புரட்சியைக் கொண்டுவந்தவர்கள் என்று சொன்னால், அது இவர்கள் கேட்ட புரட்சி இல்லையே. ஈரான் வரலாறு அறிந்தவர்களும் பிரெஞ்சு மூலத்தைப் படித்தவர்களும் உதவினால் நன்றியுடையேன்.

சாக்பீஸ்:

முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலக்கியத்துக்கு வேறு நண்பர்கள் வருவார்கள்.

‘புரட்சி’ என்று ஒருமையில் சொல்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தாரியுஸ் சத்ர் போன்ற ஒரு படித்த ஈரானியரின் மனத்தில் 1979 ஒரு தொடக்கம் அன்று. அது மூன்றாவது முயற்சி. 1906-இல் அரசியலமைப்புப் புரட்சியின் விளைவாக ஈரானுக்கு ஒரு நாடாளுமன்றம் கிடைத்தது. மன்னரின் அதிகாரத்துக்கு எழுத்தில் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. அந்த எல்லையை நடைமுறையில் நிலைநாட்ட முயன்றவர் பிரதமர் முகமது மொசாதேக். 1951-இல் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கினார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகள் உடன்நின்று நடத்திய சதியில் அவர் வீழ்த்தப்பட்டு, சிறையிருந்து, பிறகு தம் கிராமத்தில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, அந்தக் காவல் நீங்காமலே 1967-இல் இறந்தார். ஈரானியர் அந்த நாளைத் தம் நாட்காட்டிப்படி ‘28 மொர்தாத்’ என்று மட்டும் சொல்வார்கள். விளக்கம் தேவைப்படாத ஒரு சொல் அது. இந்தக் காயத்தை அறியாமல் நாவலைப் படித்தால், தாரியுசின் பிடிவாதம் வெறும் தனிமனிதக் குணமாகத்தான் தெரியும்.

1953-க்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. 1957-இல் உருவான சாவாக் என்ற உளவுக் காவல்துறை, இடதுசாரிகளையும் தாராளவாதிகளையும் ஒருசேர நசுக்கியது. சுதந்திரமான கட்சி இல்லை, செய்தித்தாள் இல்லை, தொழிற்சங்கம் இல்லை. மிஞ்சியிருந்த ஒரே நாடு தழுவிய வலைப்பின்னல் மசூதி. நாடுகடத்தப்பட்டு ஈராக்கின் நஜாஃப் நகரில் இருந்த கோமெய்னியின் உரைகள் ஒலிநாடாக்களில் பதிவாகி அந்த வலைப்பின்னல் வழியே பரவின. படித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1977-இல் மன்னருக்குத் திறந்த மடல்கள் எழுதப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் தெஹ்ரானில் ஜெர்மானியப் பண்பாட்டு அமைப்பான கோதே நிறுவனத்தின் ஆதரவில் பத்து இரவுகள் நடந்த கவியரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் கூடி, தணிக்கைக்கு எதிரான உரைகளைக் கேட்டார்கள். ஆனால் ஒரு கவியரங்கு முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும்; மசூதியில் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கூடும். இந்த வேறுபாட்டின் விலையைத்தான் சத்ர் குடும்பத்தைப் போன்றவர்கள் பின்னாளில் கொடுத்தார்கள்.

ஷாவின் ஆட்சி எந்த அளவுக்கு மக்களிடமிருந்து விலகியிருந்தது என்பதற்கு உங்கள் வட்டத்தில் சொல்ல ஒரு சிறு செய்தி தருகிறேன். 1976-இல் அவர் ஒரே ஆணையில் நாட்டின் நாட்காட்டியை மாற்றினார். ஹிஜ்ரி சூரிய ஆண்டு 1355 ஆக இருந்திருக்க வேண்டியது, பண்டைப் பாரசீகத்தின் சைரஸ் மன்னர் காலத்திலிருந்து எண்ணப்பட்டு 2535 ஆயிற்று. படுத்து எழுந்தபோது மக்கள் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளைத் தாண்டியிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பழைய கணக்குக்கே திரும்ப வேண்டியதாயிற்று. கிமியாவின் கதை ஏன் காலவரிசையில் நிற்பதில்லை என்று கேட்டீர்களே, அவள் பிறந்த நாட்டில் காலவரிசையே நின்றதில்லை. (இது வேடிக்கையாகச் சொல்வது, சொல்முறையைப் பற்றி நான் பேசப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.)

பிறகு நடந்தவை விரைவானவை. 1979 ஜனவரி 16-இல் ஷா நாட்டை விட்டு வெளியேறினார். பாரிசுக்கு அருகில் நோஃப்ல்-லெ-ஷாத்தோ என்ற சிற்றூரில் நான்கு மாதங்களுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கியிருந்த கோமெய்னி, பிப்ரவரி 1 அன்று ஏர் பிரான்சு விமானத்தில் தெஹ்ரானில் இறங்கினார். மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, முக்காடு கட்டாயமாகப் போகிறது என்ற செய்தியை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். ஆகஸ்டில் ‘ஆயந்தெகான்’ நாளிதழ் மூடப்பட்டது. 1980-இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அதாவது, புரட்சிக்கு உழைத்த தாராளவாதிகளுக்குக் கிடைத்த வசந்தம் சில மாதங்கள்தாம்.

அந்த ஏர் பிரான்சு விமானத்தில் கோமெய்னியுடன் வந்தவர்களில் அபுல்ஹசன் பனிசத்ரும் ஒருவர். இசுலாமியக் குடியரசின் முதல் அதிபரான அவர், 1981 ஜூனில் பதவி நீக்கப்பட்டு, ஜூலையில் பிரான்சுக்கே தப்பி வந்து, 2021-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். புறப்பட்ட ஊருக்கே இரண்டரை ஆண்டுகளில் திரும்பிவிட்ட இந்தப் பயணத்தை வைத்துக்கொண்டு யோசித்தால், ‘துரத்தப்பட்டவரா, அழைத்து வந்தவரா’ என்ற உங்கள் கேள்வியில் ‘அல்லது’ என்ற சொல்லுக்கு இடமில்லை என்று தோன்றுகிறது. ஒரே மனிதர் இரண்டும்தான். தாரியுசைக் குற்றவாளி ஆக்காமலும் அப்பாவி ஆக்காமலும் ஜவாதி எழுதியிருப்பதை அந்நாவலின் நேர்மையாகவே நான் பார்க்கிறேன்.

புதுவைக்காற்று:

ஆசிரியர் ஐயா வரலாற்றை விரித்துவிட்டதால் எனக்கு வேலை குறைந்தது. நான் இந்நாவலைப் பிரெஞ்சில் படித்தவன். ஆங்கில வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பல இடங்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். கோவரின் மொழிபெயர்ப்பு உயிருள்ளது. கிமியாவின் குறும்பு அதில் கெடவில்லை. குறிப்பாக, ஈரான் வரலாற்றை அறியாத மேற்கத்திய வாசகரைக் கேலி செய்தபடியே அவள் தரும் அடிக்குறிப்புகள் ஆங்கிலத்திலும் அதே காரத்தோடு இருக்கின்றன.

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். பிரெஞ்சில் அது ‘தெசோரியாந்தால்’. திசை தெரியாமல் தடுமாறுபவளைக் குறிக்கும் சொல்லையும் கீழைநாட்டவளைக் குறிக்கும் சொல்லையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்த புதுச்சொல் அது. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இலத்தீன் பொதுவென்பதால் கோவரால் அதை ஏறக்குறைய அப்படியே கொண்டுபோக முடிந்தது. தமிழில் என்ன செய்வது என்று நான் நெடுநாள் யோசித்தேன். நம்மிடம் ‘கீழ்த்திசை’ என்ற சொல் இருக்கிறது. சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்று பெயர்வைத்தபோது, அங்கே நாம் நம்மையே மேற்கிலிருந்து பார்த்து ‘கீழ்த்திசை’ என்று அழைத்துக்கொண்டோம். அந்தச் சொல்லுக்குள் ‘திசை’ இருப்பதால், ‘கீழ்த்திசை தவறியவள்’ என்று ஒரு தலைப்பு வைத்தால் மூலத்தின் இரு பொருளும் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.

இன்னோர் இடம், பிரெஞ்சுச் சமூகத்தோடு ‘இணைந்துபோவது’ பற்றியது. அதற்கான பிரெஞ்சுச் சொல்லையும் ‘சிதைந்துபோவது’ என்பதற்கான சொல்லையும் ஓர் எழுத்துக்கூட்டந்தான் பிரிக்கிறது. புதிய பண்பாட்டில் இணைய வேண்டுமானால் பழையதிலிருந்து முதலில் ஓரளவாவது சிதைந்தாக வேண்டும் என்பதை அந்த ஒலி ஒற்றுமையை வைத்தே கிமியா சொல்லிவிடுகிறாள். தமிழில் ‘ஒட்ட வேண்டுமானால் முதலில் உதிர வேண்டும்’ என்று சொல்லிப் பார்த்தேன். பொருள் வருகிறது, அந்தச் சொடுக்கு வரவில்லை.

இழப்பை மட்டுமே பேசிக்கொண்டிருக்கக் கூடாது. தமிழில் பேசும்போது சில இடங்களில் மூலத்தைவிட நாம் வசதியாக இருக்கிறோம். தந்தையின் சகோதரர்களைக் கிமியா பெயரிட்டு அழைப்பதில்லை, எண்ணிட்டு அழைக்கிறாள். பாரசீகத்தில் தந்தையின் உடன்பிறந்தானுக்கு ஒரு சொல்லும் தாயின் உடன்பிறந்தானுக்கு வேறொரு சொல்லும் உண்டு. பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் வரும்போது அந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. தமிழில் அது அழியாது. மாறாக, மொழிபெயர்ப்பாளர் தாரியுசுக்கு மூத்தவர் யார், இளையவர் யார் என்று ஒவ்வொருவரையும் சரிபார்த்தால்தான் பெரியப்பா என்றோ சித்தப்பா என்றோ எழுத முடியும். பாரசீகம்கூடக் கேட்காத கேள்வியைத் தமிழ் கேட்கும். ‘நடுச் சித்தப்பா’, ‘சின்னச் சித்தப்பா’ என்று வரிசைப்படுத்தி அழைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த எண்கள் அந்நியமாகவும் தோன்றா. அதுபோல, மாசந்தரான் மாளிகையில் பெண்கள் வாழும் உட்பகுதிக்குப் பாரசீகத்தில் ‘அந்தருனி’ என்று பெயர். அதை ‘அந்தப்புரம்’ என்று எழுதினால் வாசகருக்கு உடனே அரசர் கதையும் நாடகத் திரையும் நினைவுக்கு வந்துவிடும். நான் ‘உள்கட்டு’ என்றே எழுதுவேன்.

இனிச் சொல்முறை. நாவலின் இரு பகுதிகளுக்கும் பழைய இசைத்தட்டைப் போல ‘அ’ பக்கம், ‘ஆ’ பக்கம் என்ற முறையில் பெயர் வைத்திருக்கிறார் ஜவாதி. இசைத்தட்டின் முதல் பக்கத்தில்தான் எல்லோரும் கேட்கும் பாட்டு இருக்கும். மறுபக்கத்தில் யாரும் கேட்காதது இருக்கும். முதல் பக்கம் பெருங்குடும்பம், மாளிகை, நீலக்கண்கள், புரட்சி; மறுபக்கம் நாடிழந்த பெண்ணொருத்தி பங்க் இசையிலும் அயல் நகரங்களிலும் அலைந்து, தன் உடலின் விருப்பத்தைத் தானே அறிந்துகொள்வது. மருத்துவமனையில் அவளுடைய இணையாகக் காட்டப்படும் பியேர் அவளுடைய கணவன் அல்லன். அவள் வாழ்வது ஆன்னா என்ற பெண்ணுடன். நாவல் எழுதப்பட்ட காலத்துப் பிரெஞ்சுச் சட்டம் ஆண்–பெண் இணைக்கு மட்டுமே இந்தச் சிகிச்சையை அனுமதித்தது. எல்லாப் பெண்களுக்கும் அது திறக்கப்பட்டது 2021 ஆகஸ்டில்தான். எனவே சுதந்திரத்தின் தலைநகரம் என்று தந்தை நம்பி வந்த ஊரிலும், மகள் ஓர் அலுவலரின் முன் பொய்யான குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். அலைபாயும் அந்தச் சொல்முறையை நான் அந்த நாற்காலியோடு சேர்த்தே படிக்கிறேன்: வாயால் சொல்ல வேண்டியது பொய் என்பதால், மனம் உண்மைகளை வரிசையில்லாமல் கொட்டுகிறது.

ஒற்றைவிளக்கு:

எல்லோரும் புகழ்வதால் ஒரு மாற்றுக்குரல் பதிவாகட்டும். முதல் பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டாம் பகுதியில் ஊர்கள், இசைக்குழுக்கள், காதல்கள் என்று பலவும் விரைந்து வந்து போகின்றன. மாசந்தரானுக்குக் கிடைத்த பொறுமையில் பாதிகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. இசைத்தட்டின் மறுபக்கம் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தை நூலாசிரியரே முன்கூட்டித் தலைப்பில் வைத்துக்கொண்டது எனக்குச் சற்று வசதியான ஏற்பாடாகப் பட்டது. மேலும், தாய் சாராவைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம். எழுதியவர் தாரியுஸ், ஆனால் பிள்ளைகளை மலை கடத்தியவர் சாரா. நண்பர் தம் வட்டத்தில் பேசும்போது தாரியுசைச் சுற்றியே பேச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டாம் வட்டாரம்:

நான் யாழ்ப்பாணத்தவன், 1980-களின் பிற்பகுதியில் பாரிசுக்கு வந்து, இன்றும் இங்குள்ள தமிழ்க் கடைவீதியான லா சப்பலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வாழ்பவன். இந்த நாவலை என் மகள்தான் பிரெஞ்சில் தந்தாள். ஈரானியரின் கதைக்குள் எங்கள் கதையைத் திணிக்கும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் முதற்கேள்விக்கு, அதாவது இந்தக் கதை ஏன் ஒழுங்காகச் சொல்லப்படவில்லை என்பதற்கு, நூலில் இல்லாத ஒரு விளக்கம் என்னிடம் இருக்கிறது.

இந்த நாட்டில் அகதித் தஞ்சம் கேட்பவர், ‘ஒஃப்ப்ரா’ என்று நாங்கள் சொல்லும் அலுவலகத்துக்குத் தம் கதையை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஆண்டு, எந்த மாதம், யார் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்று அனைத்தும் தேதி வரிசையில் இருக்க வேண்டும். நேர்காணலில் ஒரு மாதம் முன்பின்னாகச் சொன்னால், எழுத்துக்கும் பேச்சுக்கும் முரண்பாடு என்று எழுதி மறுத்துவிடுவார்கள். பிறகு மேன்முறையீடு, வழக்கறிஞர், மறுபடியும் அதே கதை. அகதியாக வந்த ஒவ்வொரு வீட்டிலும் இப்படி நேராக்கப்பட்ட ஒரு கதை கோப்பில் இருக்கிறது. நான் என் கதையை எத்தனை முறை பாடம் செய்தேன் என்றால், ஒரு கட்டத்தில் அது எனக்கு நடந்ததா, யாரோ எனக்குச் சொல்லித் தந்ததா என்று எனக்கே ஐயம் வந்தது. வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லும்போது அந்த வரிசை ஒருநாளும் வந்ததில்லை. அம்மாவின் கிணற்றடியில் தொடங்கி, விமான நிலையத்துக்குப் போய், திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு வரும். கிமியா மருத்துவமனையில் நினைப்பது அந்த இரண்டாவது வகைக் கதை. அதிகாரிகளுக்கு நேர்கோட்டில் சொல்லிச் சொல்லி அலுத்த குடும்பத்தின் மகள், முதன்முறையாக யாரும் தேதி கேட்காத இடத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டால், அந்த அலைச்சல் எனக்கு உத்தியாகத் தோன்றவில்லை, ஓய்வாகத் தோன்றுகிறது.

கதையின் முடிச்சை அறிய விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

‘நிகழ்வு’ என்பது 1994-இல் தாரியுஸ் பாரிசில் கொல்லப்படுவது. இது கற்பனைப் பாத்திரத்தின் மரணம் என்றாலும், அக்காலத்துப் பாரிஸ் அப்படித்தான் இருந்தது. ஷாவின் கடைசிப் பிரதமரான ஷாபூர் பக்தியார் 1991 ஆகஸ்டில், காவலர் காவல் இருந்தும், பாரிசை ஒட்டிய சுரேன் நகரில் தம் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார். ஈரானியக் குர்தியத் தலைவர் காசெம்லு 1989-இல் வியன்னாவில், பேச்சுவார்த்தை மேசையிலேயே சுடப்பட்டார். 1992 செப்டம்பரில் பெர்லினின் மிக்கோனோஸ் உணவகத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள்; அதில் ஈரானிய ஆட்சியின் மேல்மட்டத்துக்குப் பங்குண்டு என்று 1997-இல் ஜெர்மானிய நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எங்கள் பக்கத்திலும் அதே 1994-இல், மே 1 அன்று, ஈழத்தமிழ்ச் செயற்பாட்டாளரும் எழுத்தாளருமான சபாரத்தினம் சபாலிங்கம் பாரிசில் தம் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். இரண்டு வரலாறுகளும் ஒன்றல்ல, கொன்ற கைகளும் ஒன்றல்ல. ஆனால் எழுதுபவன் தப்பி வந்த பிறகும் கதவு தட்டப்பட்டால் யோசித்துத் திறக்கும் பழக்கம் இந்நகரில் ஈரானியருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கிமியா அந்த நாளைச் சொல்ல மறுத்துத் தள்ளிப்போடுவதை நான் இதனால்தான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீடுகளிலும் ‘அந்த நாள்’ என்று மட்டும் சொல்லப்படும் நாட்கள் உண்டு.

இன்னொன்று. நாவலின் தொடக்கத்தில், பாரிஸ் மெட்ரோவில் தாரியுஸ் நகரும் படிக்கட்டில் ஏறுவதே இல்லை, சாதாரணப் படிகளில்தான் ஏறுவார் என்று வருகிறதல்லவா? அது இந்த ஊர்க்காரர்களுக்கு உரியது, நமக்கு அன்று என்பது அவர் எண்ணம். இங்குள்ள விமர்சகர்கள் அதைத் தன்மானம் என்றும் துயரம் என்றும் எழுதினார்கள். சரியாக இருக்கலாம். விசா இல்லாத காலத்தில் நாங்களும் அதில் ஏறியதில்லை. அதற்குக் காரணம் வேறு: ஏறிவிட்டால் நடுவில் திரும்ப முடியாது, மேலே சோதனைக்காரர்கள் நிற்பார்கள்.

புதுவைக்காற்று:

அண்ணா, இதைப் படித்தபின் முதல் அத்தியாயத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒருவர் இந்நாவலைத் தமிழில் கொண்டுவருவதாக இருந்தால் உங்களைப் போன்ற ஒருவரிடம் கைப்படியைக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. ஒரு சிறு சந்தேகம்: அந்தப் படிக்கட்டுக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? ‘நகரும் படிக்கட்டு’ என்பது புத்தகத் தமிழாக நெருடுகிறது.

பதினெட்டாம் வட்டாரம்:

தம்பி, ‘எஸ்கலேற்றர்’ என்றுதான். பிள்ளைகளும் ‘எஸ்கலத்தோர்’ என்று பிரெஞ்சு ஒலியில் சொல்வார்கள். தமிழ்ச் சொல்லைத் தேடும் அளவுக்கு அதில் ஏறி இறங்கும்போது எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

சாக்பீஸ்:

ஒற்றைவிளக்கு எழுதியதற்கு ஒரு சொல். சாராவைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். 1979 மார்ச் 8-இல் தெருவில் இறங்கிய பெண்களில் பலர் சில வாரங்களுக்கு முன்புதான் ஷாவுக்கு எதிராக அதே தெருக்களில் நடந்தவர்கள். புரட்சியின் ஆண் தோழர்களில் பெரும்பாலோர், இப்போது இதுவா முக்கியம் என்று கேட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நான் முதல் பதிலில் அதை ஒரு வரியில் கடந்துவிட்டேன், அது நியாயமில்லை. கூட்டத்தில் அந்த நாளிலிருந்தே தொடங்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. புரட்சியை அழைத்தவர்களும் அதனால் துரத்தப்பட்டவர்களும் ஒருவரே என்பதை ஒரே ஊர்வலத்தில் காட்டிவிடலாம்.

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் நன்றி. கேட்டது இரண்டு கேள்விகள். கிடைத்தது ஒரு கூட்டத்துக்கு அதிகமான பொருள்.

1906, 1953, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளை அரைப் பக்கத்தில் அச்சிட்டு முதலிலேயே கையில் கொடுத்துவிடப் போகிறேன், அதற்குமேல் வரலாற்றை நான் விளக்கப்போவதில்லை. ஆசிரியர் ஐயா சொன்னபடி மார்ச் 8 ஊர்வலத்தோடு தொடங்குவேன். சாராவும் பெண்களும் மலை கடக்கும் பகுதியை நானே தமிழாக்கி இரண்டு பக்கம் வாசிப்பதாகவும் எண்ணம். பெரியப்பாவா, சித்தப்பாவா என்ற கணக்கை இன்றிரவே போடத் தொடங்கிவிட்டேன். நூலின் பாத்திரப் பட்டியலில் ஏற்கெனவே ஏழெட்டு அம்புக்குறிகள் விழுந்துவிட்டன.

பதினெட்டாம் வட்டாரத்து ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பில் இருக்கும் கதை, வீட்டில் சொல்லும் கதை என்று நீங்கள் பிரித்துச் சொன்னதை உங்கள் பெயரில்லாமல் எங்கள் வட்டத்தில் எடுத்துச் சொல்லலாமா? அனுமதியில்லாமல் சொல்ல மனம் வரவில்லை.

பதினெட்டாம் வட்டாரம்:

தாராளமாகச் சொல்லுங்கள். தேதி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.